முட்டி மாத்துன இடத்துல சீழ் வச்சா ஃபேஜ் ஊசி போடலாமா? அடிப்படையில இருந்து ஒரு விளக்கம்

"கிருமியைத் தின்னுற வைரஸ் வந்தாச்சு, இனிமே ஆன்டிபயாட்டிக்கே வேணாம், முட்டி ஆபரேஷன்ல சீழ் வச்சவங்களுக்கு ஒரே ஊசியில குணம்"னு ஒரு செய்தி வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருக்கு. அதைப் படிச்சிட்டு ரெண்டு விதமா குழம்புறாங்க. வைரஸையா ஒடம்புக்குள்ள விடுறாங்கன்னு பயப்படுறவங்க ஒரு பக்கம், இவ்வளவு நல்ல மருந்தை ஏன் நம்ம டாக்டர் சொல்லவே இல்லன்னு கோவப்படுறவங்க இன்னொரு பக்கம். அந்த வைரஸுக்குப் பேரு தான் ஃபேஜ். அது பாக்டீரியாவைக் கொல்லும்ங்கிறது உண்மை, அந்த ஒரே ஊசியும் ஆன்டிபயாட்டிக் வேணாம்ங்கிறதும் தப்பு, ஆபத்தான தப்பு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் முட்டி மாத்துன ஆச்சியோ ஐயாவோ இல்லாத வளவு இப்ப கொறைச்சல், அதனால இதை அடியில இருந்து பாத்துருவோம்.

மூட்டுக்குள்ள வைக்கிறது என்ன, கிருமி அதுல எப்படி ஏறுது

தேஞ்சுபோன முட்டியில எலும்பு முனைகளைச் சீவிட்டு, தொடை எலும்புக்கு கோபால்ட் குரோமியம் கலவைல ஒரு தொப்பி, கால் எலும்புக்கு டைட்டானியத்துலயோ கோபால்ட் குரோமியத்துலயோ ஒரு தட்டு, நடுவுல மெத்தை மாதிரி பாலிஎத்திலீன் துண்டு வைப்பாங்க, பெரும்பாலும் போன் சிமென்ட் போட்டு ஒட்டுவாங்க. இதுல எதுக்குள்ளயும் ரத்த ஓட்டம் கிடையாது. இந்தப் பிரச்சினை மொத்தத்துக்கும் வேர் இது தான், ஏன்னா ரத்தம் போகாத இடத்துக்கு வெள்ளை அணுவும் ஒழுங்கா போய்ச் சேராது மருந்தும் சேராது.

முதல் தடவை மூட்டு மாத்துறவங்கள்ல நூத்துக்கு 1 இல்லாட்டி 2 பேருக்குத் தான் இன்ஃபெக்ஷன் வருது, அதனால ஆபரேஷனுக்கே பயப்பட வேண்டியதில்ல. ஏற்கனவே மாத்துனதைத் திரும்ப மாத்துறவங்களுக்கும் சுகர் கட்டுக்குள்ள இல்லாதவங்களுக்கும் இது அதிகமா வரும். கிருமி ஆபரேஷன் நேரத்துல தோல்ல இருந்து உள்ள போகலாம், இல்லாட்டி பல வருஷம் கழிச்சுக் கூட கால்புண்ணு, சொத்தைப் பல்லு, சிறுநீர்ப் பாதைன்னு வேற எங்கயாவது இருந்து ரத்தம் வழியா வந்து அந்த உலோகத்துல குடியேறலாம். அஞ்சு வருஷம் நல்லா நடந்துக்கிட்டு இருந்த ஆச்சிக்கு திடீர்னு முட்டி வீங்கி சுடுதுன்னா ஆபரேஷன் பண்ண டாக்டர் மேல தப்புன்னு ஒடனே முடிவு கட்டிரக் கூடாது.

உள்ள ஒரு அந்நியப் பொருள் இருந்தாலே கிருமிக்கு வேலை எவ்வளவு சுலபமாகுதுன்னு 1957ல எலெக், கோனென்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டுனாங்க. தன்னார்வமா வந்தவங்க தோல்ல ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை ஊசியில போட்டுப் பாத்தாங்க. வெறும் தோல்ல சீழ் வைக்கணும்னா லட்சக்கணக்குல கிருமி தேவைப்பட்டுச்சு. அதே இடத்துல ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தா சில நூறு கிருமியே போதுமா இருந்துச்சு. ஒரு நூலுக்கே இப்படின்னா முழு முட்டி அளவு உலோகத்துக்கு என்னன்னு யோசிச்சுக்கங்க.

ஊருணிப் படி வழுக்குறதும் இதுவும் ஒண்ணு தான்

ஊருணியில தண்ணி தொடுற படியில கால வச்சா வழுக்கும்ல, விரலால வழிச்சா கொழகொழன்னு ஒரு ஏடு வரும். பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து பசை மாதிரி ஒண்ணைச் சுரந்து அதுக்குள்ளயே வீடு கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. பேரு பயோஃபில்ம். மேல எத்தன குடம் தண்ணி ஊத்துனாலும் அது போகாது, தேங்கா நாரை வச்சு அழுத்தித் தேய்ச்சாத் தான் போகும், அப்பவும் கல்லோட சின்னச் சின்னப் பள்ளத்துல கொஞ்சம் மிச்சம் இருந்து நாலு நாள்ல திரும்ப வழுக்க ஆரம்பிச்சிரும். உலோகத்து மேல பாக்டீரியா இப்படிப் படிஞ்சு அரிக்கிறதை நம்ம காரைக்குடி சிக்ரியில (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராயுறாங்க, அழகப்பா பல்கலைக்கழகத்து பயோடெக்னாலஜி துறையில பயோஃபில்ம் கட்டாம தடுக்கிறதுக்கு ஆராய்ச்சி நடக்குது. அதனால இந்த ஊருக்கு இது புதுசா கேள்விப்படுற விஷயம் இல்ல, குழாய்லயும் கடல்லயும் நடக்கிறது தான் முட்டிக்குள்ளயும் நடக்குது.

இந்தப் பசைக்குள்ள உக்காந்திருக்கிற கிருமியில ஒரு பகுதி சாப்பிடாம பெருகாம தூங்குற மாதிரி கிடக்கும். பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் பெருகிக்கிட்டு இருக்கிற கிருமியைத் தான் அடிக்கும், கிருமி தன் மேல்சுவரைக் கட்டும்போது கெடுக்கும், புரதம் செய்யும்போது கெடுக்கும், சும்மா கிடக்கிறதை ஒண்ணும் பண்ணாது. தனியா மிதக்கிற கிருமியைக் கொல்ற அளவை விட 1,000 மடங்கு வரைக்கும் மருந்து குடுத்தாலும் பயோஃபில்ம் தாங்கும்னு சோதனைக்கூடத்துல பாத்திருக்காங்க. அவ்வளவு மருந்தை மனுஷ ஒடம்பு தாங்காது.

"கல்ச்சர் ரிப்போர்ட்ல சென்சிட்டிவ்னு தானே போட்டிருக்கு, அப்புறம் ஏன் மாத்திரைக்குக் கேக்கல"ன்னு வீட்டுக்கு வீடு கேக்குறதுக்குப் பதில் இது தான். கல்ச்சர்னா கிருமியை லேப்ல வளத்துப் பாக்குறது, சென்சிட்டிவ்னா அது அந்த மருந்துக்கு அடங்குதுன்னு அர்த்தம். ஆனா லேப்ல சோதிக்கிறது தனியா மிதக்கிற கிருமியை, முட்டிக்குள்ள இருக்கிறது வீடு கட்டி உக்காந்த கிருமி. மருந்தை எதிர்க்குற திறன் வந்தது வேற, மருந்துக்கு எட்டாத நிலையில தூங்குறது வேற. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்தும் வரலாம், அப்பத் தான் நிலைமை ரொம்ப மோசமாகுது.

இப்ப இருக்கிற வைத்தியம்

1. சீழ் வச்சு 3 வாரத்துக்குள்ள கண்டுபிடிச்சா முட்டியைத் திறந்து நல்லாக் கழுவிச் சுரண்டி, நடுவுல இருக்கிற பாலிஎத்திலீன் துண்டை மட்டும் மாத்திட்டு உலோகத்தை விட்டுருவாங்க, பின்னால ஆன்டிபயாட்டிக். பயோஃபில்ம் இன்னும் முத்தாததால காப்பாத்த வாய்ப்பிருக்கு. ஸ்டஃபைலோகாக்கஸா இருந்தா இதோட ரிஃபாம்பிசின் சேத்துக் குடுப்பாங்க, டிபிக்குக் குடுக்கிற, சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகுமே அதே மருந்து தான். பயோஃபில்முக்குள்ள ஓரளவு வேலை செய்யுற சில மருந்துல அது ஒண்ணு, ஆனா தனியா குடுத்தா கிருமி சீக்கிரம் பழகிரும்.

2. நாள்பட்டுப் போச்சுன்னா எல்லாத்தையும் கழட்டணும். ஒரே ஆபரேஷன்ல பழசை எடுத்துப் புதுசு வைக்கிறதும் உண்டு. இல்லாட்டி கழட்டிட்டு ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்ட்ல தற்காலிகமா ஒரு ஸ்பேசர் (மூட்டு இடத்தைப் பிடிச்சு நிக்கிற துண்டு) வச்சு, பெரும்பாலும் 6 வாரம் போல மருந்து குடுத்து, கிருமி போச்சுன்னு தெரிஞ்ச பிறகு ரெண்டாவது ஆபரேஷன். இடையில உள்ள மாசங்கள் ரொம்ப கஷ்டம், முகப்புல இருந்து தெருவுக்கு இறங்குற நாலு படியே அவங்களுக்கு மலை மாதிரி ஆயிரும்.

3. ஆபரேஷன் தாங்காத ஒடம்புன்னா காலம் பூரா மாத்திரை சாப்பிட்டு அடக்கி வைக்கிறது.

4. எதுவும் கேக்கலன்னா மூட்டை அசையாம இணைச்சிடறது, கடைசியா காலை எடுக்கிறது.

ஃபேஜ் பத்தின பேச்சு 3க்கும் 4க்கும் போய் நிக்கிறவங்களுக்காகத் தான் பெரும்பாலும் வருது. முட்டி மேல ஊசிமுனை அளவு ஓட்டை, அதுல இருந்து தினமும் கொஞ்சம் சீழ், தொட்டா வலி கூட அதிகம் இல்ல, ஆனா புரையோடி நேரா உலோகம் வரைக்கும் போகுது, ரெண்டு தடவை கழுவியாச்சு, மாத்திரையை நிறுத்துனா திரும்ப வருது. இந்த நிலைமையில இருக்கிறவங்களை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

ஃபேஜ்னா என்ன

பாக்டீரியோஃபேஜ்னா பாக்டீரியாவைத் தின்னுறதுன்னு அர்த்தம், அது பாக்டீரியாவை மட்டும் தாக்குற வைரஸ். மனுஷ செல்லுல அது ஏறவே முடியாது, ஏன்னா அது ஒட்டிக்கிற பிடிமானம் பாக்டீரியாவோட மேல்சுவர்ல தான் இருக்கு. நம்ம குடல்ல, தோல்ல, கிணத்துல, மண்ணுல, சாக்கடையில எல்லாம் எண்ண முடியாத அளவுக்கு இருக்கு, நாம தினமும் முழுங்கிக்கிட்டுத் தான் இருக்கோம். அதனால வைரஸ்ங்கிற பேரைக் கேட்டே பயப்பட வேண்டியதில்ல.

பல ஃபேஜுக்கு ஒரு தலை, ஒரு வாலு, வால் நுனியில கால் மாதிரி இழைகள் இருக்கும். தலைக்குள்ள மரபுப் பொருள். பாக்டீரியா மேல உக்காந்து வால் வழியா அதை உள்ள செலுத்தும், கிருமியோட எந்திரங்களை எல்லாம் தன் வேலைக்குத் திருப்பிக்கும், அரை மணி நேரம் போலப் போனதும் கிருமி வெடிச்சு உள்ள இருந்து பத்துக்கணக்குல, சிலதுல நூத்துக்கணக்குல புது ஃபேஜ் வெளிய வரும், அதெல்லாம் அடுத்த கிருமியைத் தேடிப் போகும். சாதாரண மருந்து ஒடம்புக்குள்ள போனா குறைஞ்சுக்கிட்டே தான் வரும், ஃபேஜ் கிருமி இருக்கிற வரைக்கும் பெருகும்.

எல்லா ஃபேஜும் இப்படிக் கொல்லாது. சிலது பாக்டீரியாவோட மரபணுவுக்குள்ளயே போய் ஒளிஞ்சுக்கும், காலரா கிருமிக்கு அந்த விஷத்தைக் குடுத்ததே அப்படி ஒளிஞ்சிருக்கிற ஒரு ஃபேஜ் தான். வைத்தியத்துக்கு எடுக்கிறது கண்டிப்பா கொன்னு வெடிக்கிற வகையா இருக்கணும், மரபணுவைப் படிச்சுப் பாத்து விஷ மரபணு எதுவும் இல்லன்னு உறுதி பண்ணிட்டுத் தான் எடுக்கணும். ஊருணித் தண்ணியிலயும் கங்கைத் தண்ணியிலயும் ஃபேஜ் இருக்குன்னு அதைப் புண்ணுல ஊத்துறது கொலைபாதகம், அதுல ஃபேஜ் இருக்கிற மாதிரியே நோய்க்கிருமியும் இருக்கு.

இதோட கதையில நம்ம நாடு ஆரம்பத்துலயே வருது. 1896ல ஆக்ராவுல வேலை பாத்த எர்னஸ்ட் ஹேன்கின் கங்கை, யமுனைத் தண்ணி காலரா கிருமியைக் கொல்லுதுன்னு எழுதினார், காரணம் அவருக்குப் பிடிபடல. 1915ல இங்கிலாந்துல ட்வோர்ட், 1917ல பாரிஸ்ல ஃபெலிக்ஸ் டெரெல் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க, பேர் வச்சது டெரெல். அவரே 1920கள்ல இந்தியா வந்து காலராவுக்கு ஃபேஜ் குடுத்துப் பாத்தார். அவரோட சேர்ந்து உழைச்ச ஜார்ஜ் எலியாவா 1923ல ஜார்ஜியா நாட்டுத் தலைநகர் திபிலிசியில ஒரு நிலையம் ஆரம்பிச்சார், 1937ல ஸ்டாலின் ஆட்சி அவரைக் கொன்னுருச்சு, நிலையம் இன்னைக்கும் ஓடுது. 1940கள்ல பெனிசிலின் வந்ததும் மேல்நாடுகள் ஃபேஜை மறந்துட்டாங்க. இப்ப மருந்துக்கு அடங்காத கிருமி பெருகவும் திரும்ப எடுத்துப் பாக்குறாங்க.

பயோஃபில்ம் மேல அது என்ன பண்ணும்

மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, சில ஃபேஜோட வால் நுனியில பசையை அறுக்கிற என்சைம் இருக்கு, அது வழியை வெட்டிக்கிட்டு உள்ள போகும். ரெண்டு, மேல் அடுக்குக் கிருமி வெடிச்சு அடுத்த அடுக்குக்குத் திறந்து விடும், பசை குலைஞ்சதும் ஆன்டிபயாட்டிக்கும் உள்ள போகும். மூணாவது தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஃபேஜ்ல இருந்து தப்பிக்கக் கிருமி தன் மேல்சுவரை மாத்திக்கும், மாத்தும்போது வேற ஏதாவது ஒண்ணை இழக்கும். யேல் பல்கலைக்கழகத்துல ஒரு குளத்துத் தண்ணியில இருந்து எடுத்த ஃபேஜ் சூடோமோனாஸ் கிருமி மருந்தை வெளிய துப்புறதுக்கு வச்சிருக்கிற பம்ப்லயே வந்து உக்காருது. தப்பிக்கணும்னா கிருமி பம்பை விடணும், விட்டா பழைய ஆன்டிபயாட்டிக்கே திரும்ப வேலை செய்யும். 2016ல இதயத்துல இருந்து வர்ற பெரிய ரத்தக்குழாய்ல வச்ச செயற்கைக் குழாய்ல கிருமி பிடிச்ச ஒருத்தருக்கு இந்த ஃபேஜையும் ஆன்டிபயாட்டிக்கையும் சேத்துக் குடுத்து குணமாச்சு.

ஆக ஃபேஜ் ஆன்டிபயாட்டிக்குக்குப் பதில் வர்ற ஆள் கிடையாது, அதோட சேர்ந்து நிக்கிற ஆள். ஆனா தூங்குற கிருமிக்குள்ள ஃபேஜும் ஒழுங்கா பெருகாது, பெருகுறதுக்கு அதுக்குக் கிருமியோட எந்திரம் ஓடணும். அதனால கத்தி வச்சுச் சுரண்டுற வேலையை ஃபேஜ் மிச்சம் பண்ணாது.

நடைமுறையில வரிசை எப்படி

1. மூட்டு நீரையும் ஆபரேஷன்ல பல இடத்துல இருந்து எடுத்த சதைத் துண்டையும் கல்ச்சர் பண்ணிக் கிருமியைப் பிடிக்கணும். சில கிருமி வளர 14 நாள் கூட ஆகும்.

2. அந்தக் கிருமியைத் தட்டு முழுக்க பரப்பி, சேமிப்புல இருக்கிற ஃபேஜ்களை வரிசையா ஒவ்வொரு சொட்டு வைப்பாங்க. மறுநாள் காலைல பாத்தா தட்டு மேல மங்கலா பாலாடை பரந்த மாதிரி கிருமி வளந்திருக்கும், பொருந்துன ஃபேஜ் விழுந்த இடத்துல மட்டும் கோலப்புள்ளி அளவுல வட்டமா கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருக்கும். பொருந்தாத சொட்டு விழுந்த இடத்துல எந்த மாத்தமும் தெரியாது. மொத்த சிகிச்சையும் இந்தத் தெளிஞ்ச வட்டத்தை நம்பித் தான் நிக்குது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்னு பேர் ஒண்ணா இருந்தாலும் ஒருத்தர் முட்டியில இருக்கிற ரகத்துக்குப் பொருந்துறது அடுத்தவர் ரகத்துக்குப் பொருந்தணும்னு இல்ல.

3. பொருந்துனதைப் பெருக்கி, சுத்தம் பண்ணி, செத்த கிருமியில இருந்து வர்ற எண்டோடாக்சின்ங்கிற விஷப்பொருளை நீக்கி, எத்தன உயிருள்ள ஃபேஜ் இருக்குன்னு எண்ணி எடுக்கணும்.

4. முட்டியைத் திறந்து கழுவி முடிச்சதும் நேரா மூட்டுக்குள்ள ஊத்துவாங்க, இல்லாட்டி பிறகு ஊசி வழியா மூட்டுக்குள்ளயோ நரம்புலயோ குடுப்பாங்க. ஆன்டிபயாட்டிக் கூடவே ஓடும்.

பலன் என்ன

அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல சுகர் உள்ள 62 வயசுக்காரர் ஒருத்தருக்கு முட்டியில க்ளெப்சியெல்லா நிமோனியேங்கிற கிருமி, பல ஆபரேஷன் ஆகியும் அடங்கல, காலை எடுக்கிறது தான் பாக்கி. பொருத்தமான ஒரே ஃபேஜை நரம்பு வழியா 40 தடவை குடுத்தாங்க, ஆன்டிபயாட்டிக்கும் தொடர்ந்துச்சு, கால் பிழைச்சுது. பிரான்ஸ்ல லியோன் நகரத்துல ட்ரிஸ்டான் ஃபெரி குழு 2020ல மூணு பேரைப் பத்தி எழுதினாங்க, திரும்பத் திரும்ப ஆரியஸ் வந்த முட்டிகள், கழுவும்போது ஃபேஜ் விட்டாங்க, முட்டி தங்குச்சு. ஆனா அந்த மூணு பேருமே அடக்கி வைக்கிற ஆன்டிபயாட்டிக்கை விடல, இதை ஃபார்வர்டு போடுறவங்க யாரும் சொல்றதில்ல.

பெரிய தொகுப்புன்னா பெல்ஜியம் முன்ன நின்னு 2024ல வெளியிட்டது, எலும்பு, நுரையீரல், தோல்னு பலவிதமான 100 கேஸ். 77.2 சதவீதத்துல நோய் தணிஞ்சுது, 61.3 சதவீதத்துல அந்தக் கிருமி ஒழிஞ்சுது. ஆன்டிபயாட்டிக் சேராத கேஸ்கள்ல ஒழியுற வாய்ப்பு 70 சதவீதம் கம்மி. ஆனா இது சீட்டுப் போட்டு ரெண்டு குழுவாப் பிரிச்சு ஒப்பிட்ட ஆய்வு இல்ல, ஃபேஜ் இல்லாமலே எத்தன பேர் தேறியிருப்பாங்கன்னு இதுல இருந்து சொல்ல முடியாது. முட்டிக்குன்னு கையில இருக்கிற ஆதாரம் இன்னைக்குப் பெரும்பாலும் தனித்தனி கேஸ் கதைகள் தான், நல்லா வந்ததை எழுதுற அளவுக்குத் தோத்ததை யாரும் எழுதுறதில்ல.

எங்க தட்டுது

தயாரிப்புலயே தட்டுது. ஃபிரான்ஸ், பெல்ஜியத்துல தீக்காயத்துக்கு நடந்த ஃபேகோபர்ன் ஆய்வுல ஒரு மில்லிலிட்டருக்கு 10 லட்சம் ஃபேஜ் போகணும்னு திட்டம், வச்சிருந்ததுல சக்தி குறைஞ்சு நோயாளி மேல போனது வெறும் 100 அளவு, ஆய்வு பாதியில நின்னுச்சு. உயிருள்ள பொருளை மாத்திரை மாதிரி அலமாரியில வச்சு விக்க முடியாதுன்னு அதுல தெரிஞ்சுது. கிருமி ஃபேஜையும் எதிர்க்கப் பழகும், அதனால சில நேரம் ரெண்டு மூணைக் கலந்து குடுப்பாங்க. நாள்பட்டுக் குடுத்தா நம்ம ஒடம்பே எதிர்ப்புப் புரதம் செஞ்சு ஃபேஜை மடக்கலாம். அமெரிக்காவுல மேரிலாந்துல நரம்பு வழியாக் குடுத்த ஒரு முட்டி கேஸ்ல கல்லீரல் என்சைம் ஏறி, நிறுத்துனதும் இறங்குச்சு. இதெல்லாம் சமாளிக்கக் கூடியது தான், ஆனா கண்காணிப்பு வேணும்.

நம்ம நாட்டுல நிலைமை

இந்தியாவுல மனுஷங்களுக்கான எந்த ஃபேஜ் மருந்துக்கும் விற்பனை அனுமதி கிடையாது, அமெரிக்காவுலயும் கிடையாது. ஆனா ஆராய்ச்சி இருக்கு. பெங்களூருல ஜானகிராமன் ராமச்சந்திரன் 2000ல ஆரம்பிச்ச கங்காஜென் நிறுவனம் ஃபேஜோட வால் என்சைம்ல இருந்து ஸ்டஃபைலோகாக்கஸைக் கொல்ற பி128ங்கிற புரதத்தைச் செஞ்சுது. வாரணாசியில பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்து மருத்துவக் கழகத்துல ஆறாத புண்ணுக்கு ஃபேஜ் போட்டு ஆய்வு பண்ணியிருக்காங்க. நம்மகிட்ட ஃபேஜ் பஞ்சம் இல்ல, சாக்கடைத் தண்ணி ஒரு பாட்டில் எடுத்தா க்ளெப்சியெல்லாவுக்கு ஒண்ணு கிடைக்கும். பஞ்சம் எதுலன்னா மருந்துத் தரத்துல சுத்தம் பண்ற கூடம், ஃபேஜ் சேமிப்பு வங்கி, ஒருத்தருக்குன்னு தனியாச் செய்யுற மருந்தை அனுமதிக்கிற தெளிவான விதிமுறை. பெல்ஜியத்துல 2018ல இருந்து டாக்டர் சீட்டு மேல மருந்தாளர் கலந்து குடுக்கிற மருந்தா ஃபேஜை அனுமதிக்கிறாங்க, அந்த மாதிரி ஒரு வழி இங்க வந்தே ஆகணும்னு நான் நினைக்கிறேன், வெளிநாடு போக வசதி உள்ளவங்க மட்டும் காலைக் காப்பாத்திக்கிறது நியாயம் இல்ல.

ஜார்ஜியா போகலாமான்னு கேக்குறவங்களுக்கு: திபிலிசியில வெளிநாட்டு நோயாளிகளைப் பாக்குறாங்க தான். ஆனா முட்டிக்குள்ள இருக்கிற உலோகத்தைத் திறந்து கழுவ ஆள் இல்லாம ஃபேஜ் புட்டியை மட்டும் வாங்கிட்டு வந்தா பயன் குறைவு, அதுவும் பொருத்தம் பாக்காத பொதுக் கலவையா இருந்தா இன்னும் குறைவு.

வீட்டுல இருக்கிறவங்க கையில இருக்கிறது

1. மாத்துன முட்டி சிவந்து, சுட்டு, வீங்குனா மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீங்க. நாலு மாத்திரை போட்டாலே மூட்டு நீர்ல கிருமி வளராமப் போகலாம், பேர் தெரியாத கிருமிக்கு சரியான ஆன்டிபயாட்டிக்கும் இல்ல, ஃபேஜும் இல்ல. காய்ச்சல் நடுக்கம், மயக்கமும் சேர்ந்து இருந்தா கொஞ்சமும் காத்திருக்காம ஒடனே பெரிய ஆஸ்பத்திரி.

2. நாள் எண்ணுங்க. 3 வாரத்துக்குள்ள போனா உலோகத்தைக் காப்பாத்த வாய்ப்பு, "வேல் பூசை முடியட்டும், கல்யாணம் முடியட்டும்"னு தள்ளுனா கழட்டுற நிலைமை.

3. மூட்டு நீர் எடுத்தாங்களா, கல்ச்சரை எத்தன நாள் வைக்கிறாங்க, ஆபரேஷன்ல எத்தன துண்டு அனுப்புறாங்கன்னு கேளுங்க. 5 துண்டு போல அனுப்புறது நல்ல வழக்கம்.

4. வளந்த கிருமியை அழிச்சிராம எடுத்து வைக்கச் சொல்லுங்க. ரிப்போர்ட் குடுத்த கொஞ்ச நாள்ல தட்டை ஆட்டோக்ளேவ்ங்கிற நீராவி எந்திரத்துல போட்டு அழிச்சிடறது லேப் வழக்கம். கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில உறைய வச்சா வருஷக்கணக்குல இருக்கும், நாளைக்கு எந்த ஊர் ஃபேஜ் நிலையமா இருந்தாலும் மொதல்ல கேக்கப் போறது அந்தச் சின்னக் குப்பியைத் தான்.